மணியின் காது

நாய்க்கு மணி என்று பெயர் வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. தெருவில் நின்று "மணி" என்று கூப்பிட்டால் நாலு நாய்களும் இரண்டு மனிதர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் என் தம்பி சென்னையிலிருந்து கொண்டுவந்து விட்டபோதே அவனுக்கு மூன்று வயது. பெயரும் கூடவே வந்துவிட்டது. தம்பி அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறினான், அங்கே நாய்க்கு இடம் போதவில்லை. கள்ளக்குறிச்சியில் நமக்குத் திண்ணை உண்டு, பின்பக்கம் கிணற்றடி உண்டு, இரண்டு தென்னைமரம் உண்டு. வந்து சேர்ந்துவிட்டான்.

லாப்ரடார் தாய்க்கும் யாரோ ஒரு தெருநாய்க்கும் பிறந்தவன். தாய் வழியில் அவனுக்கு வந்த சொத்து இரண்டு: அடங்காத பசி, தொங்கும் காது. காதினால் வந்த தொல்லையைப் பசியை வைத்துத்தான் தீர்த்தோம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் இப்போது பிள்ளைகள் விட்டுப்போன நாய்கள் இருக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் அஞ்சல் துறையில் இருந்தவன். தபால்காரருக்கும் நாய்க்கும் உள்ள உறவு ஊரறிந்தது. எங்கள் துறையே 2005 ஜனவரி 9-ஆம் தேதி நான்கு நாய்களின் படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டது: இமயமலை மேய்ப்பு நாய், ராம்பூர் வேட்டை நாய், கர்நாடகத்து முதோல், நம்ம ஊர் ராஜபாளையம். "நம்மைக் கடிச்சவனுக்கெல்லாம் ஸ்டாம்பா!" என்று அப்போது எங்கள் ஆபீஸில் ஒரு தபால்காரர் சொன்னார். பாவம், கெண்டைக்காலில் தழும்பு உள்ளவர்.

மணி வந்த இரண்டாம் மாதம் ஆடிக்காற்று. தலையை ஓயாமல் உதறினான். இடது காதைத் தரையில் தேய்த்தான். பக்கத்தில் வந்தால் புளித்த வாடை. காது மடலைத் தூக்கிப் பார்க்கலாம் என்று கையை நீட்டினாலே உடம்பு விறைத்துக்கொள்ளும், கண்ணின் வெள்ளை தெரியும். தம்பியிடம் போனில் கேட்டேன். சென்னையில் ஒரு கிளினிக்கில் மாதம் ஒருமுறை காது சுத்தம் செய்வார்களாம். நாலு பேர் சேர்ந்து மேஜைமேல் அமுக்கிப் பிடித்துக்கொள்வார்களாம். "கத்துவான்ணா, ஆனா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும்" என்றான். அவர்களுக்கு அது ஐந்து நிமிஷ வேலை. இவன் அதை மறக்கவே இல்லை.

பேரன் வந்திருந்தபோதுதான் அது நடந்தது. ஆறு வயது. ஆசையாக ஓடிப்போய் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவன் கை அந்த இடது காதில் அழுந்தியது. மணி திரும்பி ஒரு கவ்வு கவ்வினான். பல் படவில்லை, சட்டைக் கை கிழிந்ததோடு போயிற்று. (பல் பட்டிருந்தால் கதையே வேறு. வீட்டு நாயாக இருந்தாலும், ஊசி போட்ட நாயாக இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.) அன்று ராத்திரி மகன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். "அப்பா, இந்த நாய் இருக்கிற வீட்டுக்கு நான் எப்படிப் பிள்ளையை அனுப்புறது? மலையில உங்க சினேகிதர் இருக்காரே, அவர்கிட்ட விட்டுடுங்க" என்றான். என் மனைவி எதுவும் பேசவில்லை. பிள்ளையா நாயா என்று கேட்டால் எந்தப் பாட்டி என்ன சொல்லிவிட முடியும்?

தீபாவளிக்கு மறுபடி வருவார்கள். அதற்குள் ஒரு முடிவு என்று பேச்சு நின்றது.

காதில் வேப்பெண்ணெய் விடு, நல்லெண்ணெய் காய்ச்சி விடு, எலுமிச்சம்பழம் பிழிந்து விடு என்று தெருவில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். எங்கள் ஊர் கால்நடை மருத்துவர், "எதையும் ஊத்தாதீங்க, முதல்ல பார்த்துடலாம்" என்றார். அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. நம் காதுத்துளை ஏறக்குறைய நேராக உள்ளே போகிறது. நாயின் காது அப்படியில்லை. முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாகத் திரும்புகிறது. தமிழில் 'ட' எழுதிப் பாருங்கள், அதுதான் நாயின் காது. மேலே ஊற்றியது கீழே திரும்பும் இடத்தில் தங்கிவிடும். மேலே மடல் வேறு மூடி போட்டதுபோல் தொங்குகிறது. காற்று போகாது, ஈரம் காயாது. தோலில் சாதாரணமாகவே இருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை அந்த ஈரத்தில் பெருகிவிடும். பழுப்பு நிறப் பிசுக்கும் அந்த வாடையும் அதனால்தான். காபித்தூள் மாதிரி உதிர்ந்தால் காதுப்பேன் என்ற சிறுபூச்சியாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. பார்வையை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது, பஞ்சில் ஒற்றி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார்: உள்ளே செவிப்பறை கிழிந்திருந்தால், சாதாரணமாகக் காதில் விடும் சில மருந்துகளே உள்காதைக் கெடுத்துவிடும். அதனால்தான் பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது.

மணியை விழித்திருக்கும்போது பார்க்க முடியாது என்று தெரிந்ததும், அவர் ஆள் வைத்து அமுக்கவில்லை. தூக்க ஊசி போட்டுவிட்டு, நிதானமாகப் பார்த்து, கழுவி, பூஞ்சை என்று உறுதி செய்துகொண்டு சொட்டு மருந்து எழுதினார். "வலி இருக்கிற காதை வச்சுக்கிட்டு எந்த நாயையும் பழக்க முடியாது. வலி முதல்ல போகட்டும். பழக்கறது அதுக்கப்புறம், அது தனி வேலை" என்றார்.

இந்த 'தனி வேலை' என்பதை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். மூன்று வாரம் வேளை தவறாமல் மருந்து விட்டாக வேண்டும், நாய் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும். அதைக் கிணற்றடியில் வைத்துக்கொண்டோம். கூடை மாதிரியான வாய்க்கூடு ஒன்று மாட்டி, என் மனைவி முன்னால் நின்று அதன் இடுக்கு வழியாக அவித்த முட்டை ஊட்டுவாள். நான் பக்கத்திலிருந்து சொட்டு மருந்தை விட்டுவிடுவேன். முறைத்தான், இழுத்தான், முடிந்ததும் தென்னைமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். திண்ணைப் பக்கம் மட்டும் அந்த மூன்று வாரமும் அவன் காதை யாரும் தொடவில்லை. பழக்கும் இடத்துக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது.

மருத்துவர் மறுபடி பார்த்து "காது ஆறிடுச்சு, இனி வாரம் ஒரு தடவை சுத்தம் செய்தால் போதும், பிறகு குறைச்சுக்கலாம்" என்ற பிறகு, திண்ணையில் பழைய ஜமக்காளத்தைக் கிழித்து ஒரு துண்டு போட்டோம்.

வயதான காலத்தில் புதிதாக ஒன்றைப் படிப்பது சுகமாகத்தான் இருக்கிறது. நாய்க்குச் சாப்பாட்டைக் காட்டிப் பழக்குவது என்றால் எல்லோருக்கும் பாவ்லோவ் நினைவு வரும். அவருக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது ஜீரண ஆராய்ச்சிக்காக. என் காரியத்துக்கு அவரைவிட மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க அம்மையார்தான் உதவினார். 1924-ல் அவர் எழுதிய ஆய்வில் பீட்டர் என்று ஒரு சின்னப் பையன் வருகிறான். முயலைக் கண்டால் நடுங்குவான். அவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிடும்போது, கூண்டில் உள்ள முயலை எட்டத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அவன் பயப்படாத தூரம் வரைக்கும்தான் கொண்டுவருவார்கள். நாளாக ஆகக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் அவன் விரலைக் கொறிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. நூறு வருஷமாக உலகம் முழுவதும் பயம் தெளிவிக்க இதே வழியைத்தான் வெவ்வேறு பெயரில் செய்கிறார்கள்.

இன்னொன்று லண்டனிலிருந்து. சிராக் படேல் என்ற நாய்ப் பயிற்சியாளர் 'பக்கெட் விளையாட்டு' என்று ஒன்று சொல்லித்தருகிறார். தீனி உள்ள ஒரு சின்ன வாளியை நாயின் முன்னால் வைக்க வேண்டும். நாய் அந்த வாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை நாம் நம் வேலையைச் செய்யலாம். பார்வையைத் திருப்பினால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். மறுபடி வாளியைப் பார்த்தால் மறுபடி தொடங்கலாம். அவ்வளவுதான். நிறுத்தும் அதிகாரம் நாயின் கண்ணில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் வாளிக்குப் பதில் பித்தளைச் சொம்பு. முக்காலியில் சொம்பு, சொம்பில் முட்டைத் துண்டுகள், எதிரே ஜமக்காளத்தில் மணி, பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நான். மனைவி உள்ளிருந்து வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, நாட்டாமை ஆயிட்டீங்களா?" என்றாள். தீர்ப்புச் சொல்வது நாய் என்பதால் நாட்டாமை அவன்தான்.

முதல் மூன்று நாள் காதைப் பற்றிய பேச்சே இல்லை. சொம்பைப் பார்த்தால் ஒரு துண்டு. இரண்டு நொடி, ஐந்து நொடி, பத்து நொடி. நாலாம் நாள் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் கை அவன் தோள் பக்கம் ஓர் அங்குலம் நகர்ந்தது. திரும்பினான். கையை மடியில் வைத்துக்கொண்டேன். என்னைப் பார்த்தான், கையைப் பார்த்தான், சொம்பைப் பார்த்தான். மறுபடி கை நகர்ந்தது. மறுபடி திரும்பினான். கை நின்றது. இப்படி ஏழெட்டுத் தடவை. சோதித்துப் பார்க்கிறான்! நான் திரும்பினால் இந்தக் கிழவன் நிஜமாகவே நிறுத்துகிறானா என்று. அதன் பிறகு அவன் உடம்பில் ஒரு தளர்ச்சி வந்தது. முன்னங்காலை நீட்டிப் படுத்துக்கொண்டு சொம்பைப் பார்த்தான். என் கை தோளில் பட்டது, கழுத்தில் பட்டது. அன்றைக்குப் போதும் என்று எழுந்துவிட்டேன்.

இதில் வரிசை முக்கியம். முதலில் கை, பிறகு முட்டை. முட்டையை முன்னால் காட்டிவிட்டு, அது வாயில் இருக்கும்போது காதைப் பிடித்தால், சில நாளில் முட்டையே ஆபத்தின் அறிகுறி ஆகிவிடும். நாய் முட்டையைக் கண்டாலே எழுந்து போய்விடும். ஜோசியக்காரர் முதலில் வெற்றிலையை வைத்துவிட்டுப் பிறகு பரிகாரச் செலவைச் சொல்வது மாதிரி. இரண்டாம் தடவை வெற்றிலையைப் பார்த்தாலே நமக்கு வயிற்றைக் கலக்கும்.

இந்தச் சமயத்தில்தான் மலைக்குப் போனேன். மகனுக்குச் சொன்ன சொல் இருக்கிறதே, சினேகிதரிடம் கேட்டுவிட வேண்டும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலைப் பாதையில் ஏறினால், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. அந்தக் காலத்தில் தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டு வழியில் ஊர் ஊராக நடந்தவர். மலைக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். நான் பஸ்ஸில் வருகிறவன், அவர் நடக்கிறவர். இன்றைக்கும் என் முழங்காலுக்கும் அவர் முழங்காலுக்கும் அந்த வித்தியாசம் தெரிகிறது.

அவர் வீட்டில் மூன்று நாய்கள். மூன்றுக்கும் நிமிர்ந்த காது. கிழட்டு நாய் ஒன்றுக்கு மட்டும் இரண்டு காதும் பாதி. குட்டியில் காதை அறுத்தால் நாய் வீரமாக வரும், உண்ணி ஏறாது என்று அவர் அப்பா செய்தது. மடல் இருப்பதே துளைக்குள் தூசி தும்பு போகாமல் காப்பதற்குத்தான் என்று எங்கள் மருத்துவர் சொன்னதை அவரிடம் சொன்னேன். "நான் அறுக்கறதில்லண்ணே. அது கத்தற சத்தம் எனக்கு ஆவறதில்ல" என்றார்.

சாயங்காலம் அந்த நாய்களுக்குச் சாமைச் சோற்றில் குழம்பு ஊற்றி வைத்தார். தின்றுவிட்டு அவை அடுப்புக்குப் பக்கத்தில் சுருண்டுகொண்டன. இவர் போய் உட்கார்ந்து, ஒரு நாயின் காதுக்குள் இரண்டு விரலை விட்டு, வேரோடு மெதுவாக ஓர் உண்ணியை இழுத்தெடுத்துத் தணலில் போட்டார். அடுத்ததற்குக் கை போகும்போது நாய் தலையைத் தூக்கி வேறு பக்கம் வைத்துக்கொண்டது. இவர் கையை எடுத்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்.

"இன்னும் இருக்கே?" என்றேன்.

"இருக்கட்டும்ணே. எந்திரிச்சா வுட்ருவேன். ராத்திரி சோத்துக்கு நாளைக்கு வராமயா போயிடும்?"

சிராக் படேலையும் தெரியாது, ஜோன்ஸ் அம்மையாரையும் தெரியாது. அவர் தாத்தா காலத்திலிருந்து அடுப்பங்கரையில் இப்படித்தானாம். திண்ணையில் சொம்பு வைத்து நான் செய்வதை வெட்கத்தோடு சொன்னேன். சிரிக்கவில்லை. "சொம்பு எதுக்கு, கண்ணைப் பார்த்தாலே தெரியுமே" என்றார். அவருக்குத் தெரியும். எனக்குச் சொம்பு வேண்டியிருக்கிறது.

மணியை வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். உடனே சரி என்றார், ஒரு வாய்ச் சோறுதானே என்று. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஆனா அண்ணே, தொங்கற காதுன்னு சொல்றீங்க. இங்க மழைக்காலத்துல மூடுபனி, காயாது. காட்டுக்குள்ள போனா உண்ணி. மழை நின்னா ஊசிப்புல்லு. காதுல ஊசி ஏறுச்சுன்னா நான் எந்த டாக்டருகிட்டத் தூக்கிட்டு ஓடறது?" என்றார். ஊசிப்புல் வேட்டியில் குத்தி நடந்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். அதன் முனை ஒரு திசையில்தான் போகும், பின்வாங்காது. காதில் ஏறினால் உள்ளேயே போய்க்கொண்டிருக்கும். வழி முழுவதும் பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். மலைக்கு அனுப்பினால் அந்தக் காது ஒரு மழைக்காலம் தாங்காது.

ஆவணி முழுக்க மடல். வெளிப்பக்கம் தொடுவது, நுனியைப் பிடிப்பது, ஒரு நொடி தூக்கிவிட்டு விடுவது. வலது காது சீக்கிரம் சம்மதித்தது. இடதுக்கு இரண்டு மடங்கு நாள். உதட்டை நக்கினால், காரணமில்லாமல் கொட்டாவி விட்டால், உடம்பு விறைத்தால் அவன் பார்வையைத் திருப்புவதற்கு முன்பே நான் நிறுத்திவிடுவேன். ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம், அதற்கு மேல் இல்லை.

பாட்டில்தான் பெரிய இடைஞ்சல். மருத்துவர் கொடுத்த காது கழுவும் மருந்து பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்தது. அமுக்கினால் 'புஸ்' என்று ஒரு சத்தம். நமக்குச் சின்னச் சத்தம், காதுக்குப் பக்கத்தில் அது பாம்புச் சத்தம். அதோடு குளிர்ந்த திரவம் திடீரென்று உள்ளே இறங்கினால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? ஆகவே முதலில் காலிப் பாட்டிலை வாசற்படியில் வைத்தோம், வெறுமே. அதைப் பார்த்தால் முட்டை. பிறகு முற்றத்தின் கோடியிலிருந்து என் மனைவி 'புஸ்' செய்வாள், நான் முட்டை கொடுப்பேன். ஒரு வாரத்தில் 'புஸ்' கேட்டால் அவனே ஓடிவந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தான். தெருவில் ஒருவர் சைக்கிள் டியூபில் காற்றை இறக்கியதற்கும் வந்து உட்கார்ந்தான்.

நிஜமாகச் சுத்தம் செய்யும்போது பாட்டிலைக் காதுக்குள் அமுக்குவதையே விட்டுவிட்டோம். வெதுவெதுப்பான தண்ணீர் டம்ளரில் பாட்டிலைச் சிறிது நேரம் வைத்து, கையில் விட்டுச் சூடு பார்த்து, பஞ்சை அதில் நன்றாக நனைத்து, மடலைத் தூக்கித் துளையின் வாயில் வைத்துப் பிழிவோம். சத்தமில்லாமல் இறங்கும். பிறகு காதின் அடிப்பாகத்தை வெளியிலிருந்து கட்டைவிரலால் மெதுவாகப் பிசைந்துவிட வேண்டும், உள்ளே 'சளக் சளக்' என்று கேட்கும். இதை மட்டும் மணி முதல் நாளிலிருந்தே ரசித்தான், கண்ணை மூடிக்கொண்டு முனகினான். பிறகு கையை எடுத்துவிட்டால் அவனே தலையை உதறுவான். அடியில் தங்கிய அழுக்கு மேலே வருவது அந்த உதறலில்தான், அதைத் தடுக்கக் கூடாது. முகத்தில் தெறிக்கும், துண்டு அதற்குத்தான். வெளியே வந்ததைப் பஞ்சால் துடைக்க வேண்டும், விரல் போகும் ஆழம் வரை மட்டும். காது குடையும் குச்சி கூடவே கூடாது. அது அழுக்கை 'ட'வின் மூலைக்குத் தள்ளிவிடும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம், புண் இருந்தால் எரியும். சுத்தமான காதைத் தினமும் கழுவுவதும் வேண்டாம், அதுவே ஈரத்தைச் சேர்க்கும். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, வாடை திரும்பினாலோ, ரத்தம் கண்டாலோ, மடல் பணியாரம் மாதிரி உப்பினாலோ சொம்பையும் முட்டையையும் மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு மகன் குடும்பத்தோடு வந்தான். பிள்ளையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு திண்ணையில் நின்று நான் செய்வதைப் பார்த்தான். மணி சொம்பைப் பார்த்தபடி படுத்திருந்தான், வலது காது முடிந்தது. மகன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவனே கடைக்குப் போய் ஒரு தட்டு முட்டை வாங்கிவந்து அடுக்களையில் வைத்தான்.

பேரனுக்கு இரண்டு சட்டங்கள் போட்டிருக்கிறோம். நாயைக் கட்டிப்பிடிக்கக் கூடாது, தாத்தா பக்கத்தில் இல்லாமல் கிட்டே போகக் கூடாது. பதிலுக்கு ஓர் உத்தியோகம் கொடுத்திருக்கிறோம். இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்து மணியின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவன் கண்ணைத் திருப்பினால் "தாத்தா, நிறுத்து!" என்று கத்த வேண்டும். என்னைவிட நன்றாகப் பார்க்கிறான். வலது காதில் அவனுக்கு வேலையே இருக்காது. இடது காதில் இன்னும் மூன்றாவது பஞ்சுக்கு மணி சொம்பை விட்டுத் தெருவைப் பார்க்கிறான். அன்றைக்கு அந்தக் காது இரண்டு பஞ்சோடு சரி.